சவரிமுத்துவின் வாரம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நூலகத்தைத் திறந்ததும் பிலோமினா முதலில் பார்ப்பது நான்காம் காப்பறையைத்தான். அதன் கண்ணாடிக் கதவில் ஒளிரும் பெயர் மாறியிருக்கும். அந்தப் பெயரை ஒருமுறை மனத்துக்குள் வாசித்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்ட பிறகுதான் சன்னல்களைத் திறப்பாள்.

மேட்டுப்பட்டினம் பொது நூலகத்தின் தென்சுவர் முழுக்கக் காப்பறைகள். மொத்தம் நாற்பது. முன்பதிவு செய்தவரின் முறை வந்ததும் புத்தகம் ஒரு காப்பறைக்குள் வந்து உட்காரும். பெயருக்குரியவரோ அவர் வீட்டாளோ வந்து கட்டைவிரலை வைத்தால் கதவு திறக்கும். ஏழு நாள் அவகாசம். தரவுக்கூடங்கள் எல்லாம் வெப்பத்தில் அணைந்துபோன ஆண்டிலிருந்து ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரே ஒரு தாள் பிரதிதான் மிச்சம். அதனால் காத்திருப்பது இந்த ஊரில் யாருக்கும் புதிதல்ல. சமையல் புத்தகத்துக்கு மூன்று மாதம், வேதாகமத்துக்கு எட்டு மாதம். அதிகம் கேட்கப்படும் பாம்புக்கடி வைத்திய நூலுக்குக்கூட ஒன்பது மாதம்தான்.

நான்காம் காப்பறைக்கு மட்டும் பதினான்கு மாதம். அதிலிருந்த புத்தகத்தின் பெயர் 'தேரிமணல் கிணறுகள்: ஒரு பதிவேடு'. பழுப்பு அட்டை, முந்நூறு பக்கம். எந்தக் காலத்திலோ ஒரு நில அளவைக்காரர் செம்மணல் காட்டில் நடந்து நடந்து கிணறுகளைக் கணக்கெடுத்து எழுதியது. அதற்கு முன்பதிவு செய்தவர்கள் அறுபத்தொரு பேர். நான்கரை ஆண்டுகளாக அந்தக் கதவு ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

அந்த வாரம் கதவில் ஒளிர்ந்த பெயர் செய்னம்பு. பத்தரை மணிக்கு அவள் கணவர் ஹமீது வந்தார். கடைத்தெருவில் குடை ரிப்பேர் செய்பவர். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலம் மல்லிகையை எடுத்துக் காப்பறையின் விளிம்பில் வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கட்டைவிரல் தவறியும் கதவில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக அங்கே எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள்.

"காலையில பேசுனாங்களா பாய்?" என்று பிலோமினா கேட்டாள்.

"ஆறு மணிக்கெல்லாம் பேசிட்டா. அதே பேச்சுதான். 'புத்தகம் வந்துட்டாம், போற வழியில எடுத்துட்டு வாங்க, கொடைய மறந்தாப்புல இதையும் மறந்துராதீங்க'ன்னு." அவர் சிரித்தார். "கொட ரிப்பேர்காரன் ஒரு தடவ கொடைய மறந்தேன். செத்தும் விட மாட்டேங்கா."

செய்னம்பு இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

இதை விளக்க வேண்டுமானால் நிழலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஒரு துணைநிழல் இருந்தது. காதில் மாட்டும் செவிமணிக்குள் குடியிருந்து, அவரவர் குரலிலேயே பேசி, ரேஷனுக்கு வரிசை போடும், மருத்துவரிடம் நேரம் கேட்கும், சொன்ன வாக்கை நினைவில் வைத்திருக்கும். ஒருவர் இறந்தால் நிழல் உடனே அணையாது. புதிதாக எதையும் அது தொடங்காது. ஆனால் தொடங்கியதை முடித்துவிட்டுத்தான் போகும். சட்டம் அப்படி. நல்ல சட்டம்தான். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடிந்து நிழல் விடைபெற்றுவிடும்.

நூலக முன்பதிவு மட்டும் முடியாது. கடல் ஏறி வந்த ஆண்டுகளில் சாலைகள் அடிக்கடி அறுந்தன. அப்போது நூலகக் குழுவில் இருந்த இரக்கமுள்ளவர்கள், 'ஏழு நாளில் வராதவர் பெயரை அடிக்காதே, வரிசையின் கடைசியில் சேர்' என்று ஒரு விதி எழுதி வரிசைப்பொறியில் ஏற்றிவிட்டார்கள். ஆகவே புத்தகத்தை யாரும் எடுக்காதவரை பெயர் அழியாது. பெயர் அழியாதவரை நிழலும் அணையாது. தன் முறை வரும் வாரத்தில் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு வீட்டாரின் செவிமணியில் பேசும். மற்ற நாட்களில் மௌனம்.

பழைய பட்டினத்தின் கல்லறைத் தோட்டம், சுடுகாடு, பள்ளிவாசலின் மையவாடி மூன்றும் இப்போது கடலுக்கு அடியில் இருக்கின்றன. பூ வைக்க இடமில்லாத ஊருக்கு நான்காம் காப்பறை வாய்த்தது. யாருக்காவது உடல்நிலை மோசமானால், வீட்டில் ஒருவர் மருத்துவமனைக்கு ஓடுவார், ஒருவர் நோயாளியின் பெயரில் முன்பதிவு செய்ய நூலகத்துக்கு ஓடுவார். அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று வரிசையில் இருந்த யாருக்கும் தெரியாது. யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது ஒன்றே அதன் பெருமை.

இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவள் பிலோமினாதான். வேண்டுமென்று அல்ல. அவள் தம்பி சவரிமுத்து தண்ணீர் லாரி ஓட்டியவன். அக்காவும் தம்பியும் மட்டுமே உள்ள வீடு. அவன் வாழ்நாளில் ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்தவன் அல்ல. 'நூலகத்துக்காரி தம்பிக்கு எழுத்து ஆகாது' என்று தெருவே கேலி செய்யும். காய்ச்சலில் படுத்த ஐந்தாம் நாள், "அக்கா, அந்தக் கெணத்துப் புத்தகத்த எம்பேருல போட்டு வையி" என்றான். காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்தாள். ஆனாலும் போட்டுவைத்தாள். இரண்டு நாளில் அவன் போய்விட்டான். அடக்கம் முடிந்த மறுநாள் காலை அவன் குரல் பேசியபோது அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தைக் கோயிலில் நாலு பேரிடம் சொன்னாள். வீட்டில் சாகக் கிடந்தவர்களை வைத்திருந்த அந்த நாலு பேரும் மறுவாரம் நூலகத்துக்கு வந்தார்கள். தனக்குக் கிடைத்த ஆறுதலை அவர்களுக்கு எப்படி மறுப்பது?

செய்னம்புவின் வாரத்துக்குச் சில வாரங்கள் முன்பு, தை மாதத்தில் இசக்கியம்மாள் வந்தாள். முப்பது வயதிருக்கும். கீழ்க்குடியிருப்பில் உப்பு வாரும் வேலை. உள்ளங்கை இரண்டும் வெடித்து வெளுத்திருந்தன. மேசை முன் நின்று ஒரு துண்டுத் தாளில் எழுதிவந்த பெயரை நீட்டினாள்.

"இந்தப் புத்தகம் இருக்காக்கா?"

"யாருக்கு முடியல?" என்று பிலோமினா கனிவாகக் கேட்டாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்லையே. படிக்கதுக்குத்தான்."

நான்கரை ஆண்டுகளில் அந்தப் பதிலைப் பிலோமினா கேட்டதே இல்லை. அவள் பெயரை அறுபத்திரண்டாவதாகப் பதிந்தாள். பதினான்கு மாதம் ஆகும் என்று சொன்னாள். இசக்கியம்மாள் முகம் வாடியது. கீழ்க்குடியிருப்பில் முந்நூறு குடும்பம். லாரி மூன்று நாளுக்கு ஒருமுறை வருகிறது. அரசு ஒன்பது இடத்தில் ஆழ்துளை போட்டும் ஒன்பதிலும் உப்பு. வைகாசிக்குள் தண்ணீருக்கு வழி பிறக்காவிட்டால் எல்லாரையும் வடக்கே உள்ள முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப் போகிறார்கள். தெருவுக்கு ஒரு முகாம். அம்மா ஒரு தெரு என்றால், பிள்ளை ஒரு தெரு. குடியிருப்பின் மணலுக்குள் பழைய நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று இருந்ததாகவும், இந்தப் புத்தகத்தில் அதன் இடம் குறித்திருப்பதாகவும் கேள்வி. இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, காப்பறைக்குள் இருந்த பழுப்பு அட்டையை எட்டிப் பார்த்தாள். இரண்டு முழத் தூரத்தில் இருந்தது புத்தகம்.

பிலோமினாவிடம் சாவி இல்லை. வரிசைப்பொறி யாருக்கும் விலக்கு அளிக்காது. அந்த வாரத்துக்கு உரிய வீட்டார் விரல் வைத்து எடுத்துக்கொடுத்தால் மட்டுமே உண்டு. எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் வீட்டு நிழலின் கடைசி வேலையும் முடிந்துவிடும்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்களும் இசக்கியம்மாள் வந்தாள். பூவோடு வருகிறவர்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஒருவர் அழுதார். ஒருவர், "கெணறு தோண்ட ஒங்களுக்கு வேற எடமே இல்லையா?" என்று கோபித்தார். செய்னம்புவின் வாரம் வந்தபோது ஹமீது கோபப்படவில்லை. "பதினாலு மாசத்துல எனக்கு ஏழு நாள்தாம்மா" என்று மட்டும் சொன்னார். இசக்கியம்மாளும் தலையசைத்துவிட்டு, காய்ந்துபோன மல்லிகையைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்து இதையெல்லாம் பார்த்த பிலோமினாவுக்கு மனம் கசந்தது. உயிரோடு இருப்பவளுக்காக ஒருவர்கூட இரங்க மாட்டார்களா என்று அன்றிரவு ஜெபத்தில் கடவுளிடமே முறையிட்டாள்.

அடுத்த திங்கள் நான்காம் காப்பறையில் ஒளிர்ந்த பெயர் சவரிமுத்து.

காலை ஆறு மணிக்கே அவன் பேசிவிட்டான். "அக்கா, புத்தகம் வந்துட்டாம். நீ அங்கதான இருக்க, எடுத்துட்டு வந்துரு. எனக்கு இன்னைக்குச் சுணங்கும்." பின்னணியில் லாரி உறுமுவதுபோல ஒரு சத்தம். அவள் வழக்கம்போல, "சாப்பிட்டியாடா?" என்றாள். அவன் வழக்கம்போல, "அதப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. புத்தகத்தப் பத்திக் கேளு" என்றான். நிழலுக்குத் தெரிந்தது முடியாத வேலை ஒன்றுதான். அவளுக்கு அது போதும். கண்ணை மூடிக்கொண்டு, குரல் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு இசக்கியம்மாள் வந்தாள். "இந்த வாரம் யாருக்கா?"

"ஒரு லாரிக்காரர்."

"அவுக வீட்டாளுக எப்ப வருவாக?"

பிலோமினா பதிவேட்டைப் புரட்டினாள். புரட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை. "அவுக ஊர்ல இல்ல" என்றாள்.

"சரிக்கா" என்று இசக்கியம்மாள் திரும்பினாள். வாசல்வரை போனவள் நின்று, "உங்களுக்குத் தலவலியா? மொகம் ஒரு மாதிரி இருக்கே" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கடைசி வார்த்தைதான் பிலோமினாவைத் துரத்தியது. ஹமீதையும் மற்றவர்களையும் அவள் எவ்வளவு எளிதாக நியாயம் தீர்த்திருந்தாள். அவர்கள் முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். இவள் பொய் சொன்னாள். அதுவும் தன் தலைவலியைக் கண்டுகொண்டவளிடம். செவ்வாய், புதன், வியாழன் மூன்று காலையும் தம்பி பேசினான். மூன்று நாளும் அவளுக்கு அவன் குரல் இனிக்கவில்லை. ஒரே வாக்கியத்தைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கும் அந்தக் குரலில், கதவைத் தட்டிக்கொண்டே நிற்பவனின் பொறுமை இருந்தது. வீட்டுக்குள் இருந்துகொண்டு தட்டும் சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை அவன் பேசத் தொடங்கியதும் அவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"தம்பி, இந்தப் புத்தகம் ஒனக்கு என்னத்துக்குடா?"

அவன் குரல், இதற்காகவே காத்திருந்ததைப்போல வேகமாக வந்தது.

"கீழ்க்குடியிருப்புல லாரியத் திருப்புத எடம் இருக்குல்லா, அங்க சக்கரம் பொதஞ்சுட்டு அக்கா. மணலத் தோண்டுனா ஒரு கல் வளையம். பழைய கெணத்து விளிம்புன்னு நெனைக்கேன். இந்தப் புத்தகத்துல எல்லாக் கெணத்துக்கும் ஆழம் போட்டுருக்காம், நீதான் ஒரு நாள் சொன்ன. அத மட்டும் பாக்கணும். இசக்கின்னு ஒரு பிள்ள, எந்த வெயில்லயும் நாலு கொடத்தோட நிக்கும். பாத்துட்டு வந்து சொல்லுதேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். புத்தகம் வந்தா கையோட எடுத்துரு, என்ன?"

பிலோமினா அடுப்படியில் நின்றபடியே அழுதாள். நான்கரை ஆண்டுகளாக அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கேட்டது குரலை மட்டும்தான்.

அன்று மாலை உப்பளத்து வேலை முடியும் நேரத்தில் ஆள் அனுப்பி இசக்கியம்மாளை வரவழைத்தாள். நான்காம் காப்பறை முன்னால் போய் நின்று, பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்து, கட்டைவிரலைக் கதவில் வைத்தாள். கண்ணாடி திறந்தது. பல காலம் மூடிக்கிடந்த தாளின் வாசனை வந்தது.

இசக்கியம்மாள் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்த வீட்டாளு நீங்கதானா? ஊர்ல இல்லன்னு சொன்னீகளே."

"பொய் சொன்னேன். மன்னிச்சுரு." பிலோமினா புத்தகத்தை அவள் கையில் வைத்தாள். "எந்தம்பி ஒனக்கு ஒரு வாக்குக் குடுத்திருந்தானாம். தண்ணி லாரி ஓட்டுவான்."

இசக்கியம்மாள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "லாரி அண்ணாச்சியா? இப்பிடி ஒரு புத்தகம் இருக்குன்னு சொன்னதே அவருதான். பாத்துட்டு வாரேன்னாரு, பொறவு வேற டிரைவர் வந்தாரு. பெரிய எடத்துக்கு வண்டி ஓட்டப் போயிருப்பாரு, நம்மள மறந்துட்டாருன்னு எத்தன நாளு திட்டியிருக்கேன் தெரியுமா? செத்துட்டாருன்னு ஒரு வார்த்த யாரும் சொல்லலையேக்கா."

இருவரும் விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. கிணற்றின் இடம், கல் வளையத்தின் அகலம், தண்ணீரின் சுவை. கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: 'பதினொரு முழத்தில் நன்னீர். அதற்குமேல் ஒரு முழமும் தோண்டலாகாது. நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது.' ஒன்பது ஆழ்துளைகளும் ஏன் உப்பாயின என்பது அந்த ஒரு வரியில் இருந்தது. எல்லாரும் ஆழமாகத் தோண்டினார்கள். பொறுமையாக மேலே நின்ற தண்ணீரை ஒருவரும் பார்க்கவில்லை.

கடன் தவணை இருபத்தொரு நாள். சவரிமுத்துவின் பெயரில் எடுத்த புத்தகம், அவன் பெயரில்தான் திரும்ப வேண்டும். திரும்பியதும் அவன் வேலை முடிந்துவிடும். அந்த நாட்களில் நிழல் மௌனமாக இருந்தது. பிலோமினா காலண்டரைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். கண் தானாகப் போயிற்று.

இருபத்தொன்றாம் நாள் முற்பகலில் இசக்கியம்மாள் வந்தாள். ஒரு கையில் புத்தகம், மறு கையில் ஒரு செம்பு. செம்பைத் தன் முந்தானையால் மூடியிருந்தாள்.

"முதல்ல இதக் குடிங்க."

தண்ணீர் சில்லென்று இருந்தது. அடிநாக்கில் லேசாக மணல் வாசம். பிலோமினா முழுவதையும் நிறுத்தாமல் குடித்தாள். முந்நூறு குடும்பமும் முறைவைத்துக் கையாலேயே தோண்டினார்கள் என்றும், பத்தரை முழத்தில் ஊற ஆரம்பித்ததும் ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது, இன்னும் அரை முழத்துக்குமேல் மண்வெட்டியை யாரும் தொடவில்லை என்றும் இசக்கியம்மாள் சொன்னாள். நேற்று அதிகாரிகள் வந்து சோதித்துவிட்டு, முகாமுக்கு அனுப்பும் ஆணையை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். புத்தகத்தை மேசையில் வைக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா. இது தொலஞ்சுட்டுன்னு எழுதிருங்க. பழி எம்மேல இருக்கட்டும். பக்கத்த எழுதிக்கிட்டோம், இனி எங்களுக்கு இது வேண்டாம். புத்தகம் திரும்பலன்னா அண்ணாச்சி இருப்பாருல்லா?"

பிலோமினா வெடித்த அந்த உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குத் தெரிந்த ஊரில் இவ்வளவு பெரிய தானத்தை யாரும் யாருக்கும் நீட்டி அவள் கண்டதில்லை. வாங்கிக்கொள்ள மனம் துடித்தது. உண்மையாகவே துடித்தது.

"இதுல இன்னும் எத்தனையோ கெணறு இருக்கு இசக்கி" என்றாள் கடைசியில். "எந்தக் காட்டுல எவ கொடத்தோட நிக்காளோ. குடு."

புத்தகம் திரும்பும் பலகையின்மேல் அவளே வைத்தாள். பொறி ஒருமுறை மினுங்கியது. செவிமணியில் குரல் வந்தது. காலை ஆறு மணி அல்ல, உச்சிப்பொழுது.

"அக்கா, புத்தகம் திரும்பிட்டாமே. கெணறு இருந்துச்சா?"

"இருந்துச்சுடா. பதினோரு மொழம்."

"தண்ணி?"

"இப்பதான் குடிச்சேன். இனிக்குது."

"அப்ப அந்தப் பிள்ளகிட்டச் சொல்லிரு. மறக்கலன்னு."

"பக்கத்துலதான் நிக்கா. அழுதுகிட்டு நிக்கா."

"எதுக்கு அழணும்? தண்ணியப் புடிக்கச் சொல்லு." அவன் சிரித்த மாதிரி இருந்தது. "சரிக்கா. வேற ஒண்ணும் பாக்கி இல்லல்லா?"

சொல்ல ஆயிரம் இருந்தது. அவற்றில் எதுவும் அவனுடைய வேலை அல்ல.

"இல்லடா தம்பி. எல்லாம் முடிச்சிட்ட."

"அப்ப வாரேன்" என்றான். வாசலில் லாரியை உயிர்ப்பித்துவிட்டுத் தினமும் சொல்வானே, அதே மாதிரி.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பிலோமினா பழக்கத்தால் விழித்துச் செவிமணியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றுமில்லை. தெருவில் ஒரு தண்ணீர் லாரி போகும் சத்தம் கேட்டது. அது தெற்கே கீழ்க்குடியிருப்புப் பக்கம் திரும்பாமல் நேராகப் போயிற்று. அது தேயும்வரை கேட்டுவிட்டு எழுந்து ஜெபம் செய்தாள்.

நூலக வாசலில் ஹமீது நின்றிருந்தார். அவருடைய முறைக்கு இன்னும் ஒரு வருடத்துக்குமேல் இருந்தது. கையில் பூ இல்லை. நடந்ததையெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறார் போலும். அவள் கதவைத் திறந்ததும் உள்ளே வந்து கேட்டார்.

"செய்னம்புகிட்ட நான் ஒரு தடவகூட எதுவும் கேட்டதில்லம்மா. அவ பேசுவா, நான் கேப்பேன், அவ்வளவுதான். அந்தப் புத்தகத்த அவளே போட்டாளா, நான் போட்டனான்னுகூட இப்ப ஞாபகமில்ல. அவளுக்கும் ஏதாவது வேண்டியிருந்திருக்குமோ?"

"தெரியல பாய். நானும் கேக்காமத்தான இருந்தேன்."

அவர் நான்காம் காப்பறையைப் பார்த்தார். அங்கே வேறொருவர் பெயர் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு குடும்பம் நின்றிருந்தது.

"இன்னும் ஒரு வருசம் காத்திருக்கணுமே, கேக்கதுக்கு" என்றார் ஹமீது.

பிலோமினா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இசக்கியம்மாள் கொடுத்தனுப்பியிருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அவர் கையில் கொடுத்தாள்.